அரியாலைக் கரையில் கண்டல் அளந்தவள்

கொக்குவிலில் இருந்து அரியாலைக் கரைக்குப் போகும் வழியெல்லாம் குணலட்சுமியின் சைக்கிளை ஆட்களுக்குத் தெரியும். அவள் அங்கே எதற்குப் போகிறாள் என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தாள். நீரேரிக் கரையில் வளரும் கண்டல் மரங்கள்தான் அவளுடைய ஆய்வு. எந்தச் சேற்றில் கன்று பிடிக்கிறது, உப்புக் கூடினால் எது வாடுகிறது என்று மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் அவள் தனியாகப் போகவில்லை. முதலாம் வருடம் ஒரு வகுப்பே வான் வண்டியில் ஏறிச் சரசாலைக்கும் தொண்டைமானாற்றுக்கும் போய்வந்தது. சண்டையால் டீசல் இல்லாமல் வான் நின்றபோது நாலு பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். பிறகு பத்மாவதி கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். கனிசியஸ் ஒருநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எங்கே என்று கேட்கிற காலமில்லை அது.

மிஞ்சியவன் லியோன், குருநகர் மீன்பிடிக் கரையில் வளர்ந்த பெடியன். சேற்றைப் பார்த்தவுடனே எங்கே கால் புதையும் என்று சொல்லுவான். கரையில் நிற்கிற கொக்குகளுக்கு விரிவுரையாளர்களின் பெயரை வைத்து அவளைச் சிரிக்கப்பண்ணுவான்.

ஒரு மத்தியானம், இரண்டு பேரும் கண்டல் நிழலில் இருந்து பாண் சாப்பிடும்போது சொன்னான்.

“குணம், நான் போகப்போறன்.”

“வெயில் தாழட்டும். சேர்ந்து போவம்.”

“வீட்டை இல்லை. வள்ளம் சரிவந்திட்டுது. அக்கரைக்கு, இந்தியாவுக்கு.”

அவள் பாணைக் கடதாசியில் திரும்பச் சுற்றினாள். “அப்ப சோதினை?”

“சோதினை எப்ப வைப்பாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? அம்மா ஒவ்வொரு நாளும் அழுகிறா.”

“ஓம்” என்றாள் குணலட்சுமி. அன்று திரும்பும்போது லியோன் வழக்கம்போல முந்திப் போகாமல் பக்கத்திலேயே வந்தான்.

அடுத்த மாதம் அவள் தனியாகப் போனாள். அளவுநாடாவின் மற்ற முனையைப் பிடிக்க ஆளில்லை, கிளையில் கட்டினாள். பழக்கதோஷத்தில் அளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, எழுத அங்கே ஒருவரும் இல்லையென்று வெட்கப்பட்டாள். ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் மரங்களுக்குள் குந்திக்கொள்வாள். சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். எழும்பி எங்கே அவசரமாகப் போக?

“பொம்பிளைப்பிள்ளை, தனியச் சேத்துக்குள்ளை என்ன தேடுறாய்?” என்று தாய் மீனாம்பிகை கேட்பாள். குணலட்சுமி விளக்கிச் சொல்லத் தொடங்குவாள். தாய் பாதியில் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள்.

மாரி கழிந்து ஒருநாள் போனபோது, அவள் அளப்பதற்கென்று கயிறு கட்டி ஒதுக்கியிருந்த இடத்தில் பாதி மரங்கள் இல்லை. ஒரு பெண் கத்தியோடு நின்று கொப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். குணலட்சுமி சேற்றுக்குள் இறங்கி அவளிடம் போனாள்.

“ஏன் வெட்டினனீங்கள்? கயிறு கட்டியிருக்கிறது தெரியேல்லையே?”

“ஆரின்ரையோ காணியாக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தரும் வந்து கேக்கேல்லை.” அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்தாள். பெயர் அருமைநாயகி. மண்டைதீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள். “மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு நாங்கள் என்னத்தைப் பிள்ளை எரிக்கிறது?”

“கண்டல் வெட்டினா அடியிலை தளிர்க்காது அக்கா. செத்துப்போம்.”

“அப்பிடியே?” அருமைநாயகி வெட்டிய அடிக்கட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே கவலைப்பட்டாள். ஆனால் விறகைத் தலையில் தூக்கிவைக்கக் கை கொடுக்கச் சொல்லித்தான் அடுத்ததாகக் கேட்டாள். குணலட்சுமி தூக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் அருமைநாயகி தேடிவந்து இரண்டு வார்த்தை கதைப்பாள். ஒருநாள் நாடாவின் முனையைக்கூடப் பிடித்தாள். சில மாதத்தில் அந்தக் குடும்பமும் வேறெங்கோ போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள், தெரியாது என்றார்கள்.

பிந்திப் பிந்தி ஒருவழியாகப் பரீட்சை நடந்தது. ஆய்வைப் பற்றிக் கேள்வி கேட்ட பரீட்சகர்களில் ஒருவர், “ஆய்வின்ரை இரண்டாம் வருசம் மரங்கள் திடீரெண்டு குறைஞ்சிருக்கு. உப்போ, நோயோ?” என்றார்.

“அடுப்பெரிக்க வெட்டினவை, சேர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைச் சொன்னால் துள்ளிக் குதிக்கக்கூடியவர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், அல்லது எங்கே என்றே தெரியாமல் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னாள்.

“பாஸோ? பிள்ளையாரே!” மீனாம்பிகை கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்ப இனி அந்த வெயிலுக்குள்ளை போகத் தேவையில்லைத்தானே?”

“இல்லை அம்மா” என்றாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையும் போனாள். அளக்க ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை விட்டபடி, வெயில் தாழும்வரைக்கும் இருந்தாள்.