ஆடாத ஸ்டாண்ட்

சித்தப்பா குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு வீடியோ கமெராவையும், எடுத்ததைப் போட்டுப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் முதல் வீடியோ கமெரா. கமெரா தோளில் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, இடுப்பருகே தொங்கும் கனத்த பெட்டிக்குள் போகும். அதற்குள்தான் கசெட். இரண்டையும் சுமந்துகொண்டு சித்தப்பா ஒரு பக்கமாகச் சரிந்து நடப்பார்.

மாமியின் கலியாணத்தைப் படம் எடுக்கத்தான் அது வந்திருந்தது. மாமி அப்பாவின் தங்கை, மாப்பிள்ளைக்கு ஊர் கப்பல்துறை. கைப்பழக்கத்துக்காகச் சித்தப்பா முதலில் துறைமுகத்தைப் படம் பிடித்துவந்து, எங்களையெல்லாம் விறாந்தையில் இருத்திப் போட்டுக் காட்டினார். குளம்போலக் கிடக்கும் எங்கள் துறைமுகத்தில் கப்பல்கள் புயலில் அகப்பட்டவை மாதிரி எழும்பி விழுந்தன. அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

“தம்பி, எனக்குத் தலை சுத்துது. கலியாணத்தையும் இப்பிடி எடுத்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் எழும்பிப் போயிடுவினம்.”

மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று இல்லாமல் சரிவராது என்று சித்தப்பா முடிவுகட்டினார். உரலைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாமே என்றார் அப்பா. சித்தப்பா அப்பாவை எதிர்த்து ஒரு நாளும் கதைத்ததில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவர் அப்பாதான். மறுநாள் காலையில் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார்.

ஸ்டாண்டை வாடகைக்குக் கொடுக்க டவுனில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதன் முதலாளி அனேகமாக இருட்டறைக்குள்ளேயே இருப்பார். முன்மேசையில் அவருடைய மகள் இருந்து, படங்களில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மறைத்துக்கொண்டிருப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் முதலில் தந்தது மெலிந்த அலுமினிய ஸ்டாண்ட். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டியதும், கமெராவின் பாரம் தாங்காமல் அது மெல்ல மெல்லத் தலை குனிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கும் உடன்பாடுதான்.

இரண்டாவதாகக் கிடைத்தது திடமான கறுப்பு ஸ்டாண்ட். திருப்புவதற்குப் பிடியும் இருந்தது. முற்றத்தில் நிறுத்தி நான் கமெராவுக்குள்ளால் பார்த்தேன். வேலி அப்படியே நின்றது. சித்தப்பா அதை மூன்று தடவை சுற்றிவந்து, “சரிவராது,” என்றார்.

மீண்டும் ஸ்டூடியோ.

“ஏன், ஆடுதோ?” என்று அக்கா கேட்டார்.

“ஆடேல்லை. எங்கட முத்தம் மணல். கால் இறங்குது.”

“அப்ப காலுக்கு அடியிலை பலகைத் துண்டு வைக்கலாமே?” அவரே உள்ளே போய், பழைய படச் சட்டப் பலகைத் துண்டுகள் சிலவற்றை எடுத்துவந்து தந்தார். சிக்கல் தீர்ந்ததில் எனக்குச் சந்தோஷம். சித்தப்பாவுக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

அடுத்த நாள் சித்தப்பாவின் கண்ணுக்கு அது கட்டையாகிவிட்டது, திருப்பிக் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் பழைய மர ஸ்டாண்ட் ஒன்றைக் கட்டித் தூக்கிவந்தோம், அது நெட்டையாகிவிட்டது. சைக்கிள் பாரில் இருந்து இருந்து எனக்குத் தொடை நொந்தது.

வீட்டிலும் அந்த நாட்களில் இன்னொரு தெரிவு நடந்துகொண்டிருந்தது. மாமியின் காரியம் முடிந்த கையோடு சித்தப்பாவுக்கும் ஓர் இடம் பேசிவிட வேண்டும், விடுமுறை முடிந்து போனால் பிறகு எப்போது வருவாரோ என்று அப்பா அவசரப்பட்டார். எந்த இடத்தைச் சொன்னாலும் சித்தப்பா வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் எழுந்துபோய் ஸ்டாண்டின் திருகாணிகளுக்கு எண்ணெய் விடுவார்.

“உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லன்!” என்று அப்பா கத்தினார்.

மர ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என் பொறுமை போய்விட்டது.

“அக்கா, அந்தக் கறுப்பு ஸ்டாண்ட் நல்லாத்தான் நிண்டது. நான் பாத்தனான். சித்தப்பா சும்மா குறை சொல்லுறார்.”

சித்தப்பாவின் காதுகள் சிவந்தன. அக்கா குனிந்தபடியே இருந்தார். அவர் திருத்திக்கொண்டிருந்த படத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் மூக்கில் மை பரவியது.

“அப்ப அதையே கொண்டு போங்கோ,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “திருப்பித் தரேக்கையும் நீங்களே கொண்டு வாங்கோ,” என்றார்.

கலியாணத்தன்று பலகைத் துண்டுகளின்மேல் அந்த ஸ்டாண்ட் அசையாமல் நின்றது. சின்னப் பிள்ளைகள் காலில் தட்டாமல் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு, முழு நேரமும் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டூடியோக்காரரும் மகளும் வந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மாமியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருக்க, கசெட்டைப் போட்டோம். படம் தண்ணீர் மாதிரித் தெளிவு. ஐயர் தெரிந்தார், மணவறை தெரிந்தது. கெட்டிமேளம் எழும்பிய நேரம் படம் மெல்ல நகர்ந்து பெண்கள் பக்கம் போய் நின்றது. அங்கே நீலச் சேலையோடு ஸ்டூடியோ அக்கா இருந்தார். சரிந்த பூவை எடுத்துத் தலையில் செருகினார். யாரையோ பார்த்துச் சிரித்தார். மேளம் ஓய்ந்த பிறகுதான் படம் மணவறைக்குத் திரும்பியது. மாமியின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

“ஐயோ, என்ர தாலிகட்டு எங்கை?” மாமிக்கு அழுகை வந்துவிட்டது.

“அந்த ஸ்டாண்ட் சரிஞ்சு போச்சு,” என்றார் அம்மா. “வாடகைச் சாமான் எண்டால் இப்பிடித்தான்.”

“ஓம், சரிஞ்சுதான் போச்சு,” என்றார் சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் தெரிந்தெடுத்துக் காவல் காத்த ஸ்டாண்ட் அது.

“இல்லை! அது ஆடவே இல்லை. சித்தப்பாதான் பிடியைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பினவர். நான் பக்கத்திலைதானே நிண்டனான்!”

மாமி அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குசினிக்குள் போனார்.

“அந்த இடத்தைத் திருப்பிப் போடு,” என்றார் அப்பா.

சித்தப்பா கசெட்டைப் பின்னுக்கு ஓடவிட்டுப் போட்டார். அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்து, நீலச் சேலை போய் மறுபடி மணவறை வரும்வரை பார்த்தார். பிறகு சாய்ந்து இருந்துகொண்டு, “நல்ல ஸ்டாண்ட்தான்,” என்றார்.

நான் சொன்னதை அப்பா ஏற்றுக்கொண்டதில் எனக்கு அளவில்லாத பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கரை வேட்டியும், அம்மா பட்டுச் சேலையுமாக வெளிக்கிட்டார்கள். அம்மாவின் கையில் வெற்றிலைத் தட்டம். அதில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கே என்று கேட்டேன். ஸ்டூடியோவுக்கு என்றார் அம்மா. சித்தப்பாவோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

ஒரு ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு உடுப்பு எதற்கு என்று யோசித்துக்கொண்டு திரும்பினேன். கறுப்பு ஸ்டாண்ட் விறாந்தை மூலையிலேயே நின்றது. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, மணலில் இழுத்துக்கொண்டு படலைவரை ஓடினேன்.

“அப்பா, ஸ்டாண்டை விட்டிட்டுப் போறீங்கள்!”

அப்பா திரும்பவில்லை. அம்மா மட்டும் திரும்பிப் பார்த்து, தட்டம் குலுங்கச் சிரித்தார். இரண்டு பெரிய ஆட்கள் ஒரு வேலைக்கென்று வெளிக்கிட்டு, கொண்டுபோக வேண்டிய சாமானையே மறந்துவிட்டு, அதற்குச் சிரிக்கவும் செய்கிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.