எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் தருகிற, சுவரில் மாட்டும் மெஷின்கள்தான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கருவிப் பெட்டி பதினாலு கிலோ. லிஃப்ட் வேலை செய்கிற கட்டடத்தில் எவனுக்கும் ஏசி கெட்டுப்போவதில்லை, அது ஏனோ தெரியவில்லை. நாலு மாடி ஏறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போய் நின்றால், ஸ்விட்ச் போர்டில் பிரேக்கர் கீழே விழுந்திருக்கும். அதை மேலே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், என் முட்டிதான் போச்சு.

ஒரு குளிர்காலத்தில் ஒருவர் ரிமோட்டில் குளிருக்கான பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு, மூன்று நாளாகச் சூடு வரவில்லை என்று என் உயிரை எடுத்தார். "ஏன் சார் சூரியன் படத்தை விட்டுட்டு இதை வெச்சீங்க?" என்றேன். "அந்தப் பூ பார்க்க நல்லா இருந்துச்சு" என்றார். குளிருக்கான பனிப்படிகப் படம் அவருக்குப் பூவாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முட்டியில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனைவி எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, "ஏங்க, இதையெல்லாம் போன்லயே கேட்டுட்டா நீங்க ஏற வேண்டாமே" என்றாள். மறுநாளிலிருந்து போன் அவள் கைக்குப் போனது.

கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டாள். விளக்கு எரிகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா? ரிமோட்டில் எந்தப் படம், பேட்டரி எப்போது மாற்றியது? ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? வெளியே இருக்கிற பெட்டியை எதையாவது போட்டு மூடியிருக்கிறீர்களா? ஜன்னல் எங்கேயாவது திறந்திருக்கிறதா? எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவள் கேட்கிற விதம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. "நீங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க, இருந்தாலும் என் திருப்திக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" என்பாள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். பிரேக்கர் விழுந்திருந்தால், "அட, இப்பதான் விழுந்திருக்கும் போல" என்று அவரே சமாளித்துக்கொள்வார். "ஆமாங்க, அது அப்படித்தான் திடீர்னு விழும்" என்று இவளும் ஒத்து ஊதுவாள்.

வெளிப்பெட்டியிலிருந்து புகை வருகிறது என்று அலறுவார்கள். "கருகின வாசனை வருதா? வந்தா உடனே மெயினை அணைச்சிட்டு எட்டி நில்லுங்க, ஆள் வர்றாங்க. வாசனை இல்லைன்னா அது உறைஞ்ச பனி உருகற ஆவி, பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்க" என்பாள். பத்து நிமிஷத்தில் அவர்களே திரும்பக் கூப்பிட்டு நன்றி சொல்வார்கள். என் மச்சான், அவள் தம்பிதான், என்னோடு வேலை செய்கிறான். "மாமா, அக்கா இப்படியே போனா நம்ம ரெண்டு பேருக்கும் வேலையே இருக்காது" என்று கிண்டல் செய்வான். அவன் சொன்னது பாதி உண்மை. பத்து அழைப்பில் ஐந்து போனிலேயே முடிந்தது.

ஆறாவது கேள்வி அவளாகச் சேர்த்தது. ஒரு வீட்டில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் ஏறினேன், மெஷினில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் பார்த்தால், குளிர்கிறது என்று சொன்னவர் ஒருவர்தான், அவருக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. மற்றவர்களெல்லாம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்து சொன்னேன். நோட்டை எடுத்து எழுதினாள்: 'வீட்டில் எல்லாருக்கும் அப்படியா, உங்களுக்கு மட்டுமா?'

"இதென்ன, நீ டாக்டரா?" என்று சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் படிகளைக் கொஞ்சமா மிச்சப்படுத்தியது! நானே அதற்கு ஒரு சட்டம் போட்டேன். "ஒருத்தருக்கு மட்டும்னா மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். அதுக்கெல்லாம் ஆள் அனுப்பாதே. ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு." அவளும் அப்படியே சொல்லிவந்தாள், ஒன்பது வருஷம்.

போன குளிர்காலத்து ஆரம்பத்தில் ஒருநாள், "என்னங்க, நம்ம ரூம் மெஷின் சரியாச் சூடு தரலை" என்றாள்.

மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவேன். அவள் முழு நாளும் அந்த அறையில் உட்கார்ந்து போன் பேசுகிறவள். சரி என்று ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். நாலு நாள் கழித்து மறுபடி அதே பேச்சு. உள்ளே கழற்றித் தூசி எடுத்தேன். சென்சாரை மாற்றினேன். வெப்பமானி வைத்துப் பார்த்தேன், அறை இருபத்தாறு காட்டியது. "இந்தா பாரு, நல்லாத்தானே இருக்கு" என்று அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன். "இருக்குங்க. ஆனா குளிருதே" என்றாள். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினேன். அவள் நாற்காலியை மெஷினுக்கு நேர் எதிரே நகர்த்திப் போட்டேன். அவள் முப்பதில் வைத்துவிட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானும் நானுமாகப் பழைய மெஷினைக் கழற்றிவிட்டு, ஒரு வாடிக்கையாளர் கொடுத்த நல்ல மெஷினை மாட்டினோம். அரை நாள் வேலை. ஒரு வாரத்தில் ஒரு நாள் உட்காரலாம் என்றால் அதிலும் மண். முடித்துவிட்டு, "இப்ப எப்படி?" என்றேன். "பரவாயில்லைங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டே நாள். வீட்டுக்குள் நுழைகிறேன், சால்வைக்கு மேல் ஒரு கம்பளி. "இதுவும் அப்படித்தாங்க இருக்கு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் பார்த்துட்டு வர்றேன், வீட்டுலயும் இதே கச்சேரியா? இனி சுவரைத்தான் இடிச்சு மாத்தணும். மனுஷனை உட்கார விட மாட்டியா?" என்று கத்தினேன். பெட்டியை நான் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவள் எழுந்து போய்த் தட்டை எடுத்தாள். சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மெஷினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன். எங்கள் தொழிலில் புகார் நின்றால் மெஷின் சரியாகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி கூப்பிடாத வீட்டைப் பற்றி எந்த மெக்கானிக்கும் நினைப்பதில்லை.

வேறு எத்தனையோ இருந்தன. போகிற வீடுகளிலெல்லாம், "அக்காவுக்குச் சளியா? குரல் கட்டின மாதிரி இருக்கே" என்று கேட்டார்கள். குளிர்காலம்தானே என்றேன். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. உட்கார்ந்தே இருக்கிறாளே, சதை போட்டிருக்கும் என்று நினைத்தேன். மேஜை மேல் முடி முடியாகக் கிடந்தது. விலாசங்களை மறந்தாள். ஒரு தடவை என்னைத் தவறான தெருவுக்கு அனுப்பிவிட்டாள், அதற்கும் திட்டினேன். பேசுகிறபோது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைப்பதுபோல் பேசினாள். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

அன்றைக்குக் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. "ஒரு மணி நேரம் படுத்துக்கறேங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. சரி, ஒருநாள் போனை நாம் பார்ப்போம் என்று மச்சானை மட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டு, அதே அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு கம்பளிக்குள் அவள் படுத்திருந்தாள். மெஷின் முப்பதில் ஓடிக்கொண்டிருந்தது. வேர்வை தாங்காமல் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர். "சூடே வரலைங்க, கேஸ் போயிடுச்சு போல."

எடுத்த எடுப்பில் எல்லாரும் கேஸ் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் எழுத்தில் இருந்ததை வரிசையாகப் படித்தேன். பிரேக்கர் சரியாக இருந்தது. சூரியன் படம்தான். ஃபில்டர் போன வாரம்தான் கழுவினார்களாம். வெளிப்பெட்டியை எதுவும் மூடவில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது. டீச்சர் என்றால் டீச்சர்தான், எல்லாவற்றுக்கும் முழு மார்க்.

"வீட்டுல எல்லாருக்கும் அப்படியா, உங்களுக்கு மட்டுமா?" என்று ஆறாவதையும் படித்தேன்.

"எல்லாருக்கும்தாங்க. எங்க நாய்கூடப் போர்வைக்குள்ள போயிடுச்சு."

"சரிங்கம்மா, மத்தியானம் ஆள் வருவாங்க" என்று விலாசம் எழுதிக்கொண்டு போனை வைத்தேன். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அந்த விலாசத்தின் மேலேயே விழுந்தது. துடைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது எனக்கு. திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். இரண்டு கம்பளிக்குள் அவள் குளிரில் முழங்காலை மார்போடு சேர்த்துக் குறுக்கிப் படுத்திருந்தாள்.

எழுந்து ஓடினேன். கன்னத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. தட்டி எழுப்பினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "ம்" என்று சொல்லவே அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன். அன்றைக்கு முட்டி வலித்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது என்றார்கள். சாயங்காலம் டாக்டர் வந்து, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது என்றார். உடம்புக்குள் சூடு உண்டாவது அதனால்தானாம். என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்க மெஷின்ல தெர்மோஸ்டாட் இருக்குமே..." என்று ஏதோ உதாரணம் சொல்ல ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா குளிருதுன்னு சொல்றாங்க?"

"நாலு மாசமா."

"நாலு மாசம் நீங்க என்ன பண்ணீங்க?"

"மெஷினை மாத்தினேன்" என்றேன்.

அவர் சீட்டில் ஏதோ எழுதினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிழைத்திருப்பது கஷ்டம் என்றும் சொன்னார். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் மெல்ல மெல்லச் சரியாகிவிடும், குளிர் போக வாரக்கணக்காகலாம், பயம் இல்லை என்றார். நான் வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். இருபத்திரண்டு வருஷமாகப் பழுது பார்க்கிறவனாம் நான். என்னத்தைப் பார்த்தேன்?

மூன்றாம் நாள் அவளுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏம்மா, நான் கத்தினா கத்திட்டுப் போறேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது, மறைப்பானேன்? ஊரிலிருக்கிற அத்தனை பேரிடமும் கேட்கிறவள், தன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் போனாளே என்று.

"கேட்டுப் பார்த்தேங்க" என்றாள், நான் வாய்விட்டுக் கேட்ட மாதிரி. "நீங்க புது மெஷின் மாட்டினீங்களே, அன்னிக்கே நோட்டைப் பார்த்து ஒண்ணு ஒண்ணாக் கேட்டேன். அஞ்சும் சரியா இருந்துச்சு. உங்களுக்கு வேர்க்குது. எனக்கு மட்டும்தான் குளிருது."

"அப்ப ஏன்மா சொல்லலை?"

"ஒருத்தருக்கு மட்டும்னா ஆள் அனுப்பறதில்லையே நாம."

சட்டைப் பையில் போன் அடித்தது. யாரோ, எங்கேயோ, கேஸ் போய்விட்டது என்று சொல்லத்தான். அவள் ஊசி குத்தியிருந்த கையைப் பழக்கத்தில் போனுக்காக நீட்டினாள். போனை எடுக்காமல் அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அது இன்னும் சில்லென்றுதான் இருந்தது.