பாலம் இறங்கும் இடத்துப் பலகைகள்

நெடுஞ்சாலை அலுவலகத்தில் அவளுக்குப் 'பலகையம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகைத் திருப்பினால் பலகையம்மா. சாலைப் பலகைகளுக்கும் கோடுகளுக்கும் அவள்தான் பொறியாளர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் அதற்குக் கோபப்பட்டாள். இப்போது யாராவது அப்படியே கூப்பிட்டாலும் 'என்ன' என்று கேட்டுவிடுவாள் போலிருந்தது.

அவள் உயிரை வாங்கியது பாலம் இறங்கும் சந்திப்பு. பாலத்தின் மேலிருந்தே ஆஸ்பத்திரி வலது பக்கம் பளிச்சென்று தெரியும். ஆனால் அங்கே போக இடது ஓரத்தைப் பிடித்து இறங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து சுற்றி வர வேண்டும். கண் ஒரு பக்கம் இழுக்க, சாலை ஒரு பக்கம் இழுக்கும். இதை முன்கூட்டியே சொல்லவேண்டிய பலகையோ, பாதை பிரிகிற இடத்திலேயே நின்றது. அதில் ஒன்பது ஊர்ப்பெயர் வேறு. படித்து முடிப்பதற்குள் வண்டி எங்கேயோ போயிருக்கும். யாராவது புகார் கொடுத்தால் அலுவலகத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பக்கத்தில் இன்னொரு பலகையை நடுவது. கடைசியில் அந்த இடம் பலகைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

"பாதிய எடுத்துடலாம் சார். யாராலயும் படிக்க முடியல," என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்மா. இருந்தா யாரும் கேக்கப்போறதில்ல. எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு வந்து நிப்பாங்க. அதுவுமில்லாம பலகை வைக்க பட்ஜெட்ல செலவுத் தலைப்பு இருக்கு. எடுக்கறதுக்கு எங்க இருக்கு?"

தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள், அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த இடத்தில்தான் அவளுடைய நாத்தனார் மாட்டிக்கொண்டாள். கணவனின் தங்கை, அதே வீட்டில் மாடி அறையில் இருப்பவள். எந்தப் பக்கம் போகச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் போவாள் என்று அண்ணன்காரன் சின்ன வயதிலேயே அவளுக்குத் 'திசைமானி' என்று பெயர் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த புதிதில், காரில் பாலத்தைவிட்டு இறங்கினாள். வலது பக்கம் ஆஸ்பத்திரியைப் பார்த்து அந்த ஓரத்தைப் பிடித்தாள். பலகை கண்ணில் பட்டதும் பதறிப்போய் இடது பக்கம் ஒடித்தாள். பின்னால் பைக்கில் வந்தவர் விழுந்து அவர் கால் முறிந்தது. மறுநாள் அவருடைய ரத்தம் பரிசோதனைக்கு வந்தபோது, குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தவளும் இவள்தான்.

அதன்பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். "எல்லாருக்கும் எல்லாம் வராது, விடு," என்று அண்ணன் கார் சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அதுதான் கொடுமை.

"அது உன் தப்பில்ல. பலகையோட தப்பு. எனக்குத் தெரியாதா?" என்றாள் பலகையம்மா.

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க அண்ணி. மத்தவங்க எல்லாரும் சரியாத்தானே போறாங்க?"

பலகையம்மாவுக்கு எரிச்சலும் வெட்கமும் சேர்ந்து வந்தன. சரியாகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை தப்பாகப் போய் வழியைத் தெரிந்துகொண்டவர்கள். அதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அந்தப் பெண் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது ஆணியில் அந்தச் சாவி கண்ணில் படும்.

ஒருவழியாக அந்தச் சாலைக்குப் புதிதாகத் தார் போடும் வேலை வந்தது. வேலை நடக்க வேண்டுமென்றால் கம்பங்களைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். பிடுங்கினார்கள். திரும்ப நடும்போது அவள் வரைந்துகொடுத்த படத்தில் இருந்ததை மட்டும் நட்டார்கள். பாலத்தின் உச்சியிலேயே ஒரு பெரிய பலகை, அதில் இரண்டே வரி. இடது ஓரப் பாதையில் இறக்கம் தொடங்குமுன்பே 'ஆஸ்பத்திரி' என்று தரையில் பெயின்ட் எழுத்து. "என்ன மேடம், எழுத்தெல்லாம் ஒட்டகச்சிவிங்கி கழுத்தாட்டம் இழுத்திருக்கு?" என்று பெயின்டர் சிரித்தார். ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும் என்று அவள் சொன்னாள். மிச்சப் பலகைகள் கிடங்குக்குப் போயின. ஏன் எடுத்தீர்கள் என்று ஒருவரும் வந்து நிற்கவில்லை. நன்றாயிருக்கிறது என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள். "முழங்கால் வலி உயிர் போகுது. ஆஸ்பத்திரியில காட்டணும். என்னால ஓட்ட முடியாது, நீ ஓட்டு."

"நானா? ஆட்டோ கூப்பிடலாமே அண்ணி?"

"ஏறி எறங்க முடியலடி. கெளம்பு."

வழியெல்லாம் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள், பயத்தில் பேசுகிற பேச்சு. பரிசோதனைக் கூடத்தில் மெஷின் பழுதானது, தலைமை டாக்டர் கத்தியது. பாலத்தில் ஏறியதும் பலகையம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் கதை பாதியில் இருக்கும்போதே வண்டி நிதானமாக இடது ஓரத்துக்குப் போனது, பாலத்துக்கு அடியில் புகுந்து சுற்றியது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

நாத்தனார் ஹேண்ட்பிரேக்கை இழுத்து இன்ஜினை அணைத்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணி? இந்தத் தடவ நான் கவனமா வந்தேன். அண்ணன்கிட்ட சொல்லுங்க, நான் ஒண்ணும் திசைமானி இல்லன்னு."

"பலகை மாத்தியிருக்காங்களே, பாத்தியா?"

"எந்தப் பலகை?"

பலகையம்மா அவளையே பார்த்தாள். "ஒண்ணுமில்ல. அண்ணன்கிட்ட சொல்றேன்."

"சாயங்காலம் வரைக்கும் நீங்க இருக்க வேணாம். காட்டிட்டு ஆட்டோல போயிடுங்க. வண்டிய நானே கொண்டாந்துடுறேன்." சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வேகமாக உள்ளே போனாள்.

சொன்ன பொய்க்காகப் பலகையம்மா சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் முழங்கால் உண்மையாகவே வலிப்பது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

பக்கத்து இருக்கைப் பெரியவர் குனிந்து பார்த்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?"

"ரொம்ப நாளா வலி," என்றாள் அவள். "இன்னிக்குப் பரவால்ல."