அக்கா மறந்த வரிசை

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் கடைசிக் காலத்தில் வீட்டில் நடந்தவற்றை நீங்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடன் இருந்தவர் நீங்கள்தான், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுங்கள் என்று அக்காவின் மகள் மீனா கேட்டுக்கொண்டாள். நான் அக்காவின் தம்பி, அம்பாசமுத்திரத்தில் உரக்கடை நடத்துபவன். கணினி எனக்குத் தெரியாது. அதுபற்றி இதில் வருபவை எல்லாம் அக்காவும் மீனாவும் எனக்கு விளங்கும்படி சொன்னவை.

அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து அப்பா பகலில் தூங்குவார் என்பதால் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது. அக்கா உதடு அசையாமல் கணக்குப் போடப் பழகினார். பாளையங்கோட்டையில் கல்லூரி, பிறகு பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம். எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் தனியாகப் போன முதல் பெண் அவர்தான். தொண்ணூறுகளின் நடுவில், அங்கேதான் கணினிக்குக் கட்டளை எழுதும் பைதான் என்ற நிரல் மொழி அவருக்கு அறிமுகமானது.

விடுமுறைக்கு வந்தபோது சாப்பிட உட்கார்ந்தவர் அந்தப் பேச்சை விடவே இல்லை. எண்பதுகளின் கடைசியில் நெதர்லாந்து நாட்டில் ஒருவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய மொழியாம் அது. மலைப்பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமக்குப் பிடித்த ஒரு நகைச்சுவைக் குழுவின் பெயரில் பாதியை எடுத்து வைத்தாராம். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டாராம்.

அம்மாவுக்கு அந்தப் பெயர், எங்கள் ஊரில் மெதுவாக என்பதற்குச் சொல்லும் 'பைய' போலக் கேட்டிருக்கிறது. "என்னட்டி, வந்ததுல இருந்து பையத்தான் பையத்தான்னுட்டு இருக்க. பைய வேலை செய்யதுக்கு எதுக்குப் பம்பாய் வரைக்கும் போகணும்?" என்றார்.

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "நெசமாவே அது பையத்தான் ஓடும்மா. ஆனா எழுதுதவளுக்குச் சுருக்க முடிஞ்சிரும்" என்றார்.

திருமணமாகிப் பெங்களூரில் குடியிருந்தபோது அத்தான் ஒரு சாலை விபத்தில் இறந்தார். மீனா அப்போது கைக்குழந்தை. அக்கா அழுததை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. குழந்தையோடு அம்பாசமுத்திரத்துக்கு வந்து, தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணையத்தை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். சுற்று வட்டாரக் கல்லூரிகளுக்குப் பஸ்ஸில் போய் வகுப்பும் எடுத்தார். பைதானின் இரண்டாம் பதிப்பு வந்து, அது உலகெங்கும் பரவிய காலம் அது.

மூன்றாம் பதிப்பு வந்த சமயம் அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். யூரியா மூட்டை மேல் அதை வைத்துத் திறந்தார். "ஏலே, இங்கன பாரு. நெல்லுன்னு தமிழ்ல எழுதிருக்கேன், தண்ணின்னு தமிழ்ல எழுதிருக்கேன். ஓடுதுலே." அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்துக்கள் உடைந்து கட்டம் கட்டமாக வரும் என்பதால் அக்கா தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதி வந்தார். பழைய நிரல்கள் புதிய பதிப்பில் ஓடாது என்று பலர் பல வருடம் புதியதைத் தொடாமல் இருந்தார்களாம். அக்கா அப்படித் தயங்கியவர்களுடைய நிரல்களை எல்லாம் வாங்கி மாற்றிக் கொடுத்தார். தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

முதல் அறிகுறி ஒரு வகுப்பில் தெரிந்தது. அக்கா பலகையில் எழுதிய வரியைப் பார்த்து ஒரு மாணவி, "மேடம், போன வாரம் சொல்லித் தந்தீங்களே, புதுசா வந்த முறை, அதை விட்டுட்டீங்க" என்றாளாம். "அது எப்பம்மா வந்துச்சு?" என்று அக்கா கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து வகுப்பே சிரித்திருக்கிறது. அக்கா பதிலுக்காகக் காத்து நின்றிருக்கிறார்.

திருநெல்வேலியில் மருத்துவர் அதை மறதி நோய் என்றார். புதியவை முதலில் போகும், பழையவை கடைசியாகப் போகும் என்றும் சொன்னார். அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சில மாதங்களில் பேச்சு குறைந்தது. என் மனைவி செல்வியைச் சில நாள் அம்மா என்றும் சில நாள் நர்ஸம்மா என்றும் கூப்பிட்டார். ஆனால் காலையில் குளித்ததும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். விரல்கள் ஓரிடத்திலும் தயங்காது. தடுமாறும் வாய்க்கும் அந்தக் கைகளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும்.

மீனா சென்னையில் அம்மா செய்த வேலையையே செய்கிறாள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வந்து, அக்கா எழுதிவைத்ததை வாசிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா எழுதுததுல தமிழைக் காணோம். போன மாசம் வரைக்கும் இருந்துது."

"மறந்துருப்பா தாயி."

"மறக்குததுலயும் ஒரு வரிசை இருக்கு மாமா. இந்த மொழிக்குள்ள எது எது எப்ப வந்துதோ, அதே வரிசையில கடைசியில இருந்து ஒண்ணொண்ணா விட்டுட்டு வாரா. நான் ஒத்துப் பார்த்துட்டேன். எதுவும் முன்ன பின்ன மாறல. மூணாம் பதிப்பைத் தாண்டி ரெண்டுக்குப் போயிட்டா. பின்னால நடந்து போவுதா மாமா."

வெளியே நல்ல வெயில். செல்வி மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு மீனா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று அக்கா எழுதியிருந்தது ஒரு சிறிய நிரல். இன்றைய கணினியில் அது ஓடாது என்பதால் மீனா பழைய பதிப்பைத் தேடி ஏற்றினாள். அது பெயரைக் கேட்டது. ஒற்றை விரலால் என் பெயரைத் தட்டினேன். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "அவன் இன்னும் வரல. நீங்க யாரு?"

அக்கா எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். "யக்கா, நான்தான் வந்துருக்கேன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசும் மரியாதையோடு, "இருங்க, வந்துருவான்" என்றார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அக்கா முதல் பதிப்புக்குப் போய்விட்டார். பம்பாயில் இளம்பெண்ணாக எப்படி எழுதினாரோ அப்படியே எழுதுகிறார் என்றாள் மீனா. நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "இதுக்கும் பின்னால?"

"இதுக்குப் பின்னால ஒண்ணும் கிடையாது மாமா. மொழி பிறந்ததே இங்கதான்."

அங்கே வந்ததும் அக்கா எழுதுவதை நிறுத்திவிடுவார், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் ஏறிக்கொண்டது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே செல்விக்குப் போன் போட்டு, "எழுதுதாளா?" என்று கேட்பேன். "எழுதுதா, எழுதுதா" என்பாள் அவள்.

ஒரு காலை அக்கா எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தின் கேப்பிட்டல் எழுத்துக்களாக இருந்தது. எனக்கே அது வேறாகத் தெரிந்தது. வீடியோ அழைப்பில் மீனாவுக்குக் காட்டினேன். திரையை இன்னும் கிட்டே காட்டச் சொல்லி வரிவரியாக வாசித்தாள்.

"இது பைதான் இல்ல மாமா. இது அதுக்குத் தாய்."

பைதானை எழுதியவர் அதற்கு முன் வேறொரு மொழியை உருவாக்கும் குழுவில் வேலை பார்த்தாராம். கணினி தெரியாதவர்களும் கற்பதற்காகச் செய்த சின்ன மொழி. அது அதிகம் பரவாமல் நின்றுபோனது. அதன் நல்ல குணங்களில் சிலவற்றை எடுத்துத்தான் அவர் பைதானைச் செய்தாராம். அக்கா எழுதியிருந்தது அந்தத் தாய் மொழியில்.

மீனா எங்கெங்கோ தேடி அந்த மொழிக்கான மென்பொருளைக் கண்டுபிடித்து ஓட்டிப் பார்த்தாள். பிழை எதுவும் காட்டவில்லை. திரையில் அக்காவின் பெயர் வந்தது. அடுத்த வரியில் கடைசி எழுத்து இல்லாமல் வந்தது. அதற்கடுத்த வரியில் இன்னும் ஓர் எழுத்து இல்லை. அப்படியே தேய்ந்து தேய்ந்து ஒற்றை எழுத்தானது. பிறகு ஒரு வெற்று வரி வந்து நின்றது.

எங்காவது படித்தது மனதில் தங்கியிருக்கும் என்றார் மருத்துவர். மீனா அக்காவின் பம்பாய்த் தோழியிடமும் விசாரித்தாள். அந்த மொழியை அங்கே யாரும் தொட்டதே இல்லை என்று அந்த அம்மாள் சொன்னார்கள். எங்களுக்கு இதுவரை வேறு விளக்கம் கிடைக்கவில்லை. நானும் இங்கே எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அதன் பிறகு அக்கா ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனால் உட்காருவதும் தட்டுவதும் நிற்கவில்லை. தை மாதம் மீனா வந்தபோது அந்தக் கோப்புகளைத் திறந்தாள். எல்லாம் வெள்ளையாக இருந்தன. எதையோ அழுத்தி முழுவதையும் ஒளிரவைத்தாள். ஒவ்வொரு வரியிலும் இடைவெளி மட்டும் இருந்தது. மேல் வரியைவிடக் கீழ் வரி கொஞ்சம் தள்ளி, அதைவிட அடுத்தது இன்னும் தள்ளி என்று, பாபநாசத்தில் ஆற்றுக்கு இறங்கும் படிகள்போலச் சாய்ந்து போயிற்று.

"இந்த ரெண்டு மொழியிலயும் வரியைத் தள்ளி எழுதினா, மேல உள்ள வரிக்கு உள்ள இருக்குன்னு அர்த்தம் மாமா" என்றாள் மீனா. அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். "அதுக்கு உள்ள இது, இதுக்கு உள்ள அது. அம்மா உள்ள போயிட்டே இருக்கா."

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், செல்வி ஊட்டிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அக்கா கணினி முன்னால் உட்கார்ந்தார். நான் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் விசைப்பலகையில் இடைவெளி விடும் நீளமான கட்டை மேல் அழுந்தியிருந்தது. திரையில் சொல் இடும் இடத்தைக் காட்டும் அந்தச் சின்னக் கோடு மட்டும் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓரத்துக்குப் போன பிறகும் அது நிற்காமல், பக்கத்தையே இழுத்துக்கொண்டு போயிற்று. நான் அக்காவின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கோடு நின்றது.

அக்காவைத் தன் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செல்விக்கு இந்த மலரில் நன்றி சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் சொல்கிறேன். அழைத்தவுடன் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அக்காவைக் குளிப்பாட்ட வந்த செவிலிப் பெண்ணுக்கும், மழையில் கூடத் தவறாமல் வந்து அக்கா பக்கத்தில் அமர்ந்திருந்த பழைய மாணவ மாணவியருக்கும், தாமிரபரணிக் கரையில் இறுதிக் காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அக்கா கடைசியாக எழுதியதை இந்த மலரில் சேர்க்க வேண்டும் என்று மீனா விரும்பினாள். அச்சகத்திலிருந்து நேற்றுப் போன் வந்தது. "அண்ணாச்சி, கடைசிப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே, எடுத்துரவா?" என்று கேட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் எழுத வேண்டாம்.