மேலே வந்த இன்ஜின்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி கடலில் நடந்தது இது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அதுதான் கதையே.

வெளியூரில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் "ஃபேக்டரி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். கழிவுநீர்க் குழி பம்ப்பைப் பார்க்கிறவள் என்று சொல்ல அத்தனை கூச்சம்.

எங்கள் முதலாளி தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு, ஆசை ஆசையாக ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கினார். காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு இன்ஜின் வேண்டுமே. படகின் வயிற்றுக்குள் பொருத்துவதா, பின்னால் வெளியே மாட்டுவதா? முப்பது வருடம் படகு ஓட்டிய அவருடைய சென்னை நண்பர், "உள்ளே வெச்சாதான் கெத்து. வெளியே தொங்கினா மாட்டு வால் மாதிரி இருக்கும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்த என்னை முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

"வெளிய மாட்றதுதான் மொதலாளி."

நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ கடல்ல போயிருக்கியா?"

"மெரினாவுல கால் நனைச்சிருக்கேன் சார்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? கையோடு கழிவுநீர்க் குழிக்கு அழைத்துப் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பம்ப்பில் சிக்கிய மாட்டு முடியையும் தோல் ஜவ்வையும் எடுக்க உள்ளே இறங்கிய ஒருவர் விஷவாயுவில் மயங்கி, மயிரிழையில் பிழைத்தார். அதன்பிறகு பம்ப்பைச் சங்கிலியில் தொங்கவிட்டுவிட்டோம். அடைத்துக்கொண்டால் சங்கிலியை இழுப்போம். பம்ப் மேலே வரும்.

"இங்க ஆள் எறங்கக் கூடாது சார், மெஷின்தான் மேல வரணும். வெளிய மாட்டினா இன்ஜினையும் இப்பிடித் தூக்கிடலாம். பெரிய படகுன்னா நீங்க சொல்றது சரி. இத்தினியூண்டு படகுக்கு இதான் சரி" என்றேன்.

முதலாளி தாடியைத் தடவினார். "சரிம்மா, உன் பேச்சக் கேட்டே மாட்றேன். மொத நாள் நீயும் வரணும். நடுவுல நின்னுச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

அப்படித்தான் கடலுக்குப் போனேன். ஏறியதிலிருந்து வாந்தி! நண்பர் நமுட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழம் கொடுத்தார். மதியம் காற்று சுத்தமாக நின்றது. இன்ஜினைப் போட்டுத் துறைமுக வாயை நெருங்கும்போது ஒரு உதறல், அப்புறம் கப்சிப். கீழே, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் ஏதோ சுற்றிக்கொண்டது. நீரோட்டம் எங்களை அலைதடுப்புக் கற்கள் பக்கம் தள்ளியது. நங்கூரமும் பிடிக்கவில்லை. கற்களில் ஒட்டியிருந்த சிப்பிகள்கூடத் தெரிந்தன. என் வாயால் மூன்று பேரும் சாகப்போகிறோம் என்றே நினைத்தேன்.

நண்பர் சட்டையைக் கழற்றினார். பழைய பழக்கம், குதித்து அறுக்கத் தயாராகிவிட்டார். அறுபது தாண்டிய மனிதர், அந்த அலையில்!

"சார், யாரும் எறங்க வேணாம்!" என்று கத்தினேன். இன்ஜினைப் பிடித்திருந்த கொக்கியை விடுவித்து, பலங்கொண்ட மட்டும் அதை மேலே இழுத்தேன். விசிறி தண்ணீரைவிட்டு மேலே வந்தது, கிழிந்த வலையைச் சுற்றிக்கொண்டு. நண்பர் என் மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொள்ள, குனிந்து, பையிலிருந்த தோல் சீவும் கத்தியால் சரசரவென்று அறுத்தேன். இறக்கினேன். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைச் சுண்டினேன். ஒன்று, ஊஹூம். இரண்டு, ஊஹூம். மூன்றாவதில் பிடித்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு ஈடாக எந்த நாதஸ்வரமும் என் காதில் ஏறாது!

முதலாளி விசில் அடித்தார். அந்த வயதில்! நண்பர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, "கேப்டன், நீங்களே ஓட்டுங்க" என்றார். நானே ஓட்டிக் கரை சேர்த்தேன், நடுவில் இன்னொரு முறை வாந்தி எடுத்துக்கொண்டு.

இப்போது யார் கேட்டாலும் குழி பம்ப் பார்க்கிறவள் என்று சத்தமாகவே சொல்கிறேன். சங்கிலியை இழுத்து பம்ப் மேலே வரும்போதெல்லாம், அந்தச் சென்னைப் பெரியவர் நனையாத உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு கரையில் இறங்கியதுதான் என் கண்முன் நிற்கிறது.