சிங்கம் பார்க்கப் போன சேலை

மகன் புது வீடு கட்டியபோது வாசல் தூண்களின் மேல் வைப்பதற்காகத் திருமுருகன்பூண்டியில் இரண்டு கல் சிங்கங்கள் செய்யச் சொல்லியிருந்தான். வேலை முடிந்ததும் பார்க்கப் போனோம். என் மனைவி இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சிற்பியிடம், "இது சிங்க மூஞ்சிங்களா? எங்க வெள்ளகோவில் பங்காளி குளிச்சுப் போட்டுத் தலை துவட்டாம வந்து நிக்கற மாதிரி இருக்குது" என்றாள்.

சிற்பி கோபப்படவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, "நீங்க சிங்கத்த நேர்ல பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவளிடம் பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பதில் இல்லாமல் நின்றதை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். இது மூன்றாவது.

சிங்கங்கள் பட்டறையிலேயே தங்கின. வீட்டு வாசலில் தூண்கள் மொட்டையாக நின்றன. அப்போதுதான் அவளுடைய எழுபதாவது பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று மகன் கேட்டான்.

"சிங்கத்தப் பாக்கோணும் கண்ணு."

"அவ்வளவுதானா? வண்டலூர்ல இருக்குதும்மா. காலைல போனா ராத்திரி ஊட்டுக்கு வந்தரலாம்."

"கூண்டுல இருக்கறது சோறு எப்ப வருமுன்னு பாத்துட்டு இருக்கற மூஞ்சி. அது எனக்கு வேண்டாஞ்சாமி. அதும்பாட்டுக்குத் திரியற சிங்கத்தப் பாக்கோணும்."

மகன் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறான். ஏற்றுமதித் தேதியைத் தவிர வேறு எதையும் உடனே கவனிக்காதவன், இதை உடனே கவனித்தான். தான்சானியாவில் மூன்று நாள் காட்டுப் பயணம், மூன்றாம் நாள் பிறந்தநாள் என்று ஏற்பாடாயிற்று. மருமகள் ஒரு ஷிப்மெண்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்துவிட்டாள். எங்கள் மூவரில் கவலைப்பட நான் ஒருவன் போதும் என்பதால் மற்ற இருவரும் நிம்மதியாகக் கிளம்பினார்கள்.

பயண ஏற்பாட்டாளர் போனில், காட்டுக்குள் காக்கி, பழுப்பு மாதிரி மங்கல் நிறத்தில் உடுத்துங்கள் என்றார். மகன் சரி சரி என்றான். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன் கடைக்குப் போய் டீ-ஷர்ட் வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியுமா? குடோனில் ஒரு ஆர்டர் கிடந்தது. ஷேடு கொஞ்சம் மாறிவிட்டது என்று வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று சொன்ன அடர்நீலம். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு அரை டஜன் எடுத்துவைத்தான். நான் முப்பது வருடத்துக்கு மேல் செக்கிங்கில் தலைமை பார்த்தவன். பன்னிரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, தையல் விடவில்லை, துணி வெண்ணெய் மாதிரி. மங்கல் நிறம் என்றாரே என்று கேட்டேன். "நேவி புளூ டல் கலர்தானப்பா" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மனைவிக்கும் அரை டஜன் நீட்டினான்.

"பொறந்த நாளும் அதுவுமா பனியன் போட்டுட்டு நிக்கறதுக்கா நான் கடல் தாண்டி வர்றேன்?" என்று சொல்லிவிட்டு, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு புதுச் சேலையும், குளிருக்குப் போர்த்திக்கொள்ள மண் நிறத்தில் ஒரு பழைய பருத்திச் சேலையும் எடுத்துவைத்தாள்.

"இதக் கட்டிட்டுக் காட்டுல நின்னா உன்னத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"நீங்க இங்கயே ஊட்டுக்குள்ள என்னக் கண்டுபிடிக்கறதில்ல. அங்க போயித்தானுங்களா?"

முதல் இரண்டு நாளும் புல்வெளியில் சுற்றினோம். எனக்கு எதையும் டஜனாக எண்ணித்தான் பழக்கம். வரிக்குதிரை முப்பத்தொரு டஜனும் நான்கும். ஒட்டகச்சிவிங்கி இரண்டு டஜனுக்கு ஒன்று குறைவு. யானை மூன்று டஜன் சரியாக இருந்தது. பிறகு ஒரு குட்டி தாயின் காலிடுக்கிலிருந்து வெளியே வந்து கணக்கைக் கெடுத்தது. சிங்கம் மட்டும் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி பேசுவதைக் குறைத்துவிட்டாள். பூண்டிச் சிற்பியின் முகம் அவள் கண்ணுக்குள் நிற்பது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் விடியும் முன்பே குளித்து, புதுச் சேலையின் ஓரத்தில் மஞ்சள் வைத்து உடுத்திக்கொண்டாள். மஞ்சள் திருப்பூரிலிருந்தே வந்திருந்தது. பக்கவாட்டில் மறைப்பில்லாத ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் அவள், பின்சீட்டில் நானும் மகனும். ஒரு மணி நேரம் போயிருப்போம். டிரைவரின் ரேடியோ கரகரத்தது. மரங்கள் அடர்ந்த பகுதியில் ஒரு ஆண் சிங்கம் படுத்திருக்கிறதாம். வண்டியைத் திருப்பியவர், எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். மகனிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார்.

"என்ன கண்ணு சொல்றாரு?" என்றாள் மனைவி.

"அந்தக் காட்டுல செட்சீன்னு ஒரு ஈ இருக்குதாம்மா. துணிக்கு மேலயே கடிக்குமாம். கருநீலத்தக் கண்டா மொய்க்குமாம். அந்த ஈயப் புடிக்கறதுக்கு இங்க மரத்துல துணி கட்டித் தொங்க விடுவாங்களாம். அது இந்தக் கலர்தானாம்."

டிரைவர் என் சட்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

மகன் யோசித்துவிட்டு அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தத் துணியை இவர்களுக்கு யார் சப்ளை செய்கிறார்கள் என்பது. நான் கேட்கச் சொன்னது, அது தறித்துணியா பனியன் துணியா என்பது. அவருக்கு இரண்டும் தெரியவில்லை. அம்மாவின் சேலை நிறம் சரியாக இருக்கிறது, அம்மா வரலாம். உங்கள் இருவரையும் முகாமில் விட்டுவிட்டு வந்தால் அதற்குள் சிங்கம் எழுந்து போய்விடும் என்றார். அன்று மத்தியானம் நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

மனைவி பின்னால் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள். செக்கிங்கில் துணியைப் பார்ப்பது போல, முதலில் மகனை, பிறகு என்னை. பின் தோளில் போர்த்தியிருந்த மண் நிறச் சேலையை உருவிப் பின்சீட்டில் போட்டாள்.

"ரெண்டு பேரும் இதச் சுத்திக்கோங்."

"அம்மா, ஒரு சேலை எப்படீம்மா ரெண்டு பேருக்கு?"

"அஞ்சரை கெஜம் கண்ணு. உங்கப்பா எலும்புக்கு ஒரு கெஜம் போதும்."

இருக்கும் நிலைமையில் நான் வாதாடவில்லை. முந்தானை எனக்கும் மறு முனை மகனுக்குமாக, கழுத்திலிருந்து இடுப்புவரை இருவரையும் சேர்த்துச் சுற்றி அவளே முடிச்சுப் போட்டாள். டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஈ கடிக்குமே என்ற கவலையைவிட, எதிரே வேறு வண்டி வந்து அதில் கோயம்புத்தூர்க்காரர்கள் யாரும் இருந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் ஈக்கள் வந்தன. ஒன்பது வரை எண்ணினேன். சேலை காப்பாற்றியது. ஒன்று மட்டும் முந்தானைக்கு அடியில் புகுந்து என் பிடரியில் உட்கார்ந்தது. சரியாக அந்த நேரத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இடப்பக்கம் மெதுவாகக் கைகாட்டினார்.

இடப்பக்கம் மகன் இருந்தான். வீடியோ எடுக்க எழுந்தான். அவன் எழுந்தால் நானும் எழ வேண்டும். நானோ பிடரியைச் சொரியக் கையை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை என்னை இழுத்தது. நான் உட்கார்ந்தேன், அது அவனை இழுத்தது. இரண்டாவது இழுப்பில் முந்தானை என் தலைக்கு மேல் வந்து முகத்தை மூடிக்கொண்டது. உள்ளே நானும் அந்த ஈயும்.

வெளியே மனைவியின் குரல் மட்டும் கேட்டது, மிகவும் மெதுவாக:

"அய்யோ, பங்காளியேதானுங்க. அச்சு அசலா அவருதான்."

நான் முகத்தை விடுவித்துக்கொண்டு பார்த்தபோது உயரமான புல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை.

"எங்க? ஒண்ணா, ரெண்டா?" என்றேன்.

"எண்ணலீங்க," என்றாள். "பாத்துட்டு இருந்தேன்."

முகாமில் கேக் வெட்டினார்கள். மகனின் வீடியோவில் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை மண் நிறச் சேலைதான் தெரிந்தது. அவள் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். என் பிடரி ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

ஊர் திரும்பிய வாரமே பூண்டிக்குப் போனோம். சிற்பி எழுந்து நின்றார்.

"நேர்ல பாத்துட்டு வந்தேனுங்க," என்றாள். "ரெண்டையும் ஊட்டுக்கு அனுப்பிருங்."

"மூஞ்சிய எதும் மாத்தோணுங்களாம்மா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். செஞ்சத ஏன் கெடுத்துட்டு." பங்காளியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

சிற்பி என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்தீங்களா, அய்யா?" என்றார். மனைவி நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஆசையோடு காத்திருந்தாள்.

நான் குனிந்து கல் சிங்கத்தின் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னங்காலில் ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. விரல் குறைகிறது என்று சொன்னால், சிங்கத்தை நேரில் பார்த்தீர்களா என்று மறுபடியும் கேட்டுவிடுவார்.