லிபியா மன்னிப்பு எழுதவில்லை

நர்ஸ் ஒருத்தி மேலே படிக்கிறாள் என்றால் ஓசூரில் ஒரே அர்த்தம்தான்: ஜெர்மன் கற்றுக்கொண்டு விமானம் ஏறப் போகிறாள். அதனால் நர்ஸ் லிபியா பெங்களூரில் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்ததும் எங்கள் மருத்துவமனை கேன்டீனில் எல்லோரும் கேட்டது, “எந்த நாடு?” என்றுதான். நாடும் இல்லை ஒன்றும் இல்லை, பாலியேட்டிவ் கேர் படிக்கிறேன், குணமாக்க முடியாதவர்களின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்கிற படிப்பு என்றாள். சிரித்தார்கள். அதே மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

லிபியா கிருஷ்ணகிரிக்காரி. கணவர் வெஸ்லினுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவளும் ஐ.சி.யூ.வில் நல்ல பெயரோடு இருந்தவள்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவுக்கு ஆள் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை, இவள் தூக்கினாள். அந்த வேலையில் இருந்தால்தான் இந்தப் படிப்பையும் படிக்க முடியும். எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்ட் சுகுணா மேடத்துக்கு அது பிடிக்கவே இல்லை.

“சாவப்போறவங்களப் பாத்துக்கறதுக்கு எதுக்கு லிபியா படிப்பு? கையப் புடிச்சிக்கினு ஒக்காந்தா பத்தாதா?” என்றார்.

“வெறும் கையப் புடிச்சா வலி போவாதுங்க மேடம்” என்றாள் இவள்.

மேடம் கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே ஒரு புகார் வந்தாலும் திரும்ப ஐ.சி.யூ.தான், படிப்பும் அதோடு நின்றது.

படிப்பில் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவர் உண்டு. லிபியாவுக்குக் கிடைத்தவர் டாக்டர் யுவஸ்ரீ, இவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வாரம் ஒரு முறை வீடியோ காலில் வருவார். மருந்து அளவை எல்லாம் சரி பார்த்துவிட்டு வேறு ஏதாவது கேட்பார். அந்த வீட்டில் யார் பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள், அப்போது நோயாளி எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம். சின்னப் பெண் உயிரை வாங்குகிறாள் என்று லிபியா என்னிடம் புலம்புவாள். புலம்பினாலும் அடுத்த வாரம் பதிலோடு உட்கார்ந்திருப்பாள்.

அப்படித்தான் கோவிந்தப்பன் விஷயம் வெளியே வந்தது. சாமல்பட்டி விவசாயி, தொண்டையில் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. மகன் ஹரீஷ்குமார் ஓசூரில் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்திருந்தார். நோயின் பெயரை அப்பாவிடமோ அம்மா சென்னம்மாளிடமோ சொல்லக்கூடாது என்பது மகனின் கண்டிப்பான உத்தரவு. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஹரீஷ்குமார் இன்னும் வசதியாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று லிபியாவிடம் கன்னடத்தில் பேசிவிடுவார். சாமல்பட்டிக் கிழவருக்குக் கன்னடம் எங்கே தெரியப் போகிறது என்ற தைரியம். “எரடு திங்களு”, இன்னும் இரண்டே மாதம் என்பதைக்கூட அப்படித்தான் சொன்னார். ஓசூர் கர்நாடக எல்லை ஊர், இவளும் பழக்கத்தில் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

அந்த வாரம் யுவஸ்ரீ வழக்கமான கேள்வியைக் கேட்டபோது லிபியாவுக்கு நினைவு வந்தது. மகன் அதைச் சொன்ன நேரத்தில் பெரியவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது மகன் வேலைக்குப் போயிருந்தார். லிபியா கட்டிலருகே உட்கார்ந்து, “நோவு எல்லிதே?” என்று கன்னடத்திலேயே கேட்டாள். வலி எங்கே என்றுதான் கேட்டது. கோவிந்தப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

“எல்லா கடெனூ” என்றார். எல்லா இடத்திலும். பிறகு தமிழுக்கு வந்தார். “மாங்கா லாரியோட பெங்களூரு மார்க்கெட்டுக்கே போய்க்கினு இருந்தவன்ம்மா நான். கன்னடத்துல சண்டையே போடுவேன். பையன் மனசு நோவக்கூடாதுன்னு கம்முனு கெடந்தேன்.”

லிபியா அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டாள். அவர் கேட்டது இரண்டுதான். தன் வாயாலேயே மனைவிக்குச் சொல்ல வேண்டும், சாமல்பட்டிக்குப் போய்விட வேண்டும். அன்று சாயங்காலமே சென்னம்மாளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஹரீஷ்குமார் மருத்துவமனையில் வந்து நின்றார். சொல்லாதே என்று சொல்லியும் நர்ஸ் சொல்லிவிட்டாள் என்று சத்தம். சுகுணா மேடம் லிபியாவைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளை நீட்டினார். மன்னிப்பு எழுதிக் கொடு, நாளையிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு வா என்றார். கையெழுத்துப் போடத்தான் போகிறாள் என்று கதவுக்கு வெளியே நின்ற நானே நினைத்தேன்.

லிபியா தாளைத் தொடவில்லை. மகன் பக்கம் திரும்பினாள்.

“நான் சொல்லலைங்க சார். நீங்கதான் சொன்னீங்க. கட்டில் பக்கத்துல நின்னு கன்னடத்துல சொன்னீங்க, நானும் கன்னடத்துலயே பதில் பேசனேன். ரெண்டு பேருமா சேந்து அவர ஒண்டியா உட்டுட்டோம். மன்னிப்பு அவருகிட்டதான் கேக்கணும். நான் கேட்டுட்டேன்.”

ஹரீஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்பாவுக்குக் கன்னடம் வருமா?” என்று கேட்டார். அவர் புகாரைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. மேடம் தாளை மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். இன்றுவரை லிபியாவை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை, பாராட்டாவிட்டால் போகட்டும்.

கோவிந்தப்பன் சாமல்பட்டியில் இறந்தார். மார்ஃபின் மருந்து வலியை அடக்கியிருந்தது, மனைவி பக்கத்தில் இருந்தார், மகனும் இருந்தார். அப்பாவும் மகனும் கடைசி நாட்களில் கன்னடத்திலும் பேசிக்கொண்டார்களாம். லிபியா அவர் விஷயத்தையே தன் தேர்வுக்கு எழுதினாள், தேறினாள். இப்போது அதே படிப்பில் அவளும் ஒரு வழிகாட்டி. எங்கள் மருத்துவமனையிலிருந்து சேர்ந்திருக்கும் அஞ்செட்டி மலைக்காரி செல்லி அவளிடம்தான் பயில்கிறாள். யார் பேசினார்கள், எந்த மொழியில், நோயாளி எங்கே பார்த்தார் என்று லிபியா அவள் உயிரை வாங்குகிறாள்.

போன வாரம் கேன்டீனில் ஒருவர் செல்லியிடம், படிப்பை முடித்துவிட்டு எந்த நாடு என்று கேட்டார். லிபியா டீயைக் கீழே வைத்தாள். ஆனால் செல்லி முந்திக்கொண்டாள்.

“அஞ்செட்டிங்க” என்றாள்.